எலும்புக்குள் மருந்து வைக்கும் வெள்ளைக் குருணை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லித்தருகிறேன். ஆராய்ச்சிப் பட்டத்துக்காக ஐந்து வருடம் கால்சியம் பாஸ்பேட் பொடியோடு மல்லுக்கட்டியவள். அந்த ஐந்து வருடத்தில் என் பொடியைப் பற்றி வீட்டில் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அத்தான் மேலூர் சாலையில் பைக்கிலிருந்து விழுந்த பிறகு கேட்காத ஆள் இல்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. கம்பி வைத்தார்கள். ஏழு மாதம் கழித்து அதே இடத்தில் சீழ் வைத்துப் புரையோடியது. மறுபடி அறுத்து, கெட்ட எலும்பைச் சுரண்டி எடுத்து, அந்தக் குழியில் மருந்து ஏற்றிய வெள்ளைக் குருணையை நிரப்பினார்கள்.

வார்டில் பக்கத்துக் கட்டில்காரர்களும், பார்க்க வந்த சொந்தக்காரர்களும், பிறகு என் மாணவர்களும் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. குருணையைப் பற்றிச் சொல்வேன். யாருக்கு வைக்க வேண்டும் என்பதை அறுவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

"உடம்புக்குள் பீங்கானை வைத்துவிட்டார்களாமே டீச்சர், டீ குடிக்கிற கோப்பைப் பீங்கானா?"

இல்லை. உலோகமும் அல்லாத, பிளாஸ்டிக்கும் அல்லாத, சூட்டில் இறுகிய பொருட்களையெல்லாம் செராமிக் என்ற ஒரே பெயரில் அடைக்கிறார்கள். தமிழில் அதைப் பீங்கான் என்று சொல்லப்போய் ஆளுக்கு ஆள் கோப்பையை நினைத்துக்கொள்கிறார்கள். கோப்பை களிமண் குடும்பம். இதில் மண்ணே கிடையாது. கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த உப்பு. கையில் எடுத்துப் பார்த்தால் அரிசிக் குருணை மாதிரி இருக்கும், கொஞ்சம் சுண்ணாம்புக்கட்டி வெள்ளையில்.

"கால்சியம் என்றால் சுண்ணாம்புதானே? வெற்றிலையில் கூடிப்போனாலே வாய் வெந்துவிடுகிறது, எலும்பு வேகாதா?"

இந்தக் கேள்வியைக் கேட்டது சோழவந்தானிலிருந்து வந்திருந்த ஒரு பாட்டி. வெற்றிலை ஊர்க்காரர் கேட்க வேண்டிய கேள்விதான். வெற்றிலைச் சுண்ணாம்பு கால்சியம் ஹைட்ராக்சைடு. அமிலத்துக்கு எதிரான கடும் காரம், அதனால்தான் நாக்கு பொத்துப்போகிறது. இங்கே கால்சியத்தைப் பாஸ்பேட் இறுகப் பிடித்திருக்கிறது. தண்ணீரில் போட்டாலும் அந்தக் காரம் வராது. உப்பிலும் சலவை சோடாவிலும் சோடியம் இருக்கிறது என்பதற்காக இரண்டையும் நாம் ஒன்றாக நினைப்பதில்லை அல்லவா, அதுபோல.

"எலும்பு மாதிரியான பொருளா, எலும்பேதானா?"

எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தாது. அந்தத் தாது ஹைட்ராக்சிஅபடைட் என்ற கால்சியம் பாஸ்பேட்டின் அழுக்கான வடிவம். அழுக்கு என்று நான் சொல்வது அதில் கலந்திருக்கும் கார்பனேட், மெக்னீசியம், சோடியம் போன்றவற்றை. பல்லின் எனாமலும் இதே குடும்பம். ஆய்வுக்கூடத்தில் செய்வது சுத்தமான வடிவம். அதில் செல்லும் இல்லை, ரத்தக்குழாயும் இல்லை. ஆனால் உடம்பு அதை அந்நியன் என்று ஒதுக்குவதில்லை. புது எலும்பு அதன்மேல் நேரடியாக ஒட்டி வளர்கிறது.

இரண்டு பெயர்களை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஹைட்ராக்சிஅபடைட்டில் கால்சியம் பாஸ்பரஸ் அணு விகிதம் 1.67, இது லேசில் கரையாது, பல வருடம் கிடக்கும். பீட்டா டிரைகால்சியம் பாஸ்பேட்டில் விகிதம் 1.5, இது மாதக் கணக்கிலிருந்து ஓரிரு வருடத்துக்குள் கரைந்து எலும்புக்கு இடம் விடும். இரண்டையும் வேண்டிய அளவில் கலந்து செய்யும் இருநிலைக் குருணையும் உண்டு. பின்னால் வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை இந்த இரண்டு எண்களில்தான் இருக்கிறது.

"ஊசியிலும் டிரிப்ஸிலும் போகாத மருந்தா? எதற்கு எலும்புக்குள்ளேயே கொண்டுபோய் வைக்க வேண்டும்?"

ஊசியில் ஏற்றும் மருந்து ரத்தம் போகும் இடத்துக்குத்தான் போகும். சீழ் பிடித்த எலும்பில் ரத்தக்குழாய்கள் அடைபட்டு ஒரு துண்டு எலும்பு செத்தே போயிருக்கும். கிருமி அந்தச் செத்த எலும்பிலும், வைத்த கம்பியின் மேலும், வழவழப்பான ஒரு படலத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். கண்மாய்ப் பாசி கல்லில் ஒட்டியிருப்பதுபோல. பாசிக்குள் இருக்கும் கிருமியைக் கொல்ல, தனியாக நீந்தும் கிருமிக்குத் தேவையானதைப் போல நூறு மடங்கு, சில சமயம் ஆயிரம் மடங்கு மருந்து வேண்டும். அவ்வளவையும் ரத்தத்தில் ஏற்ற முடியாது. ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை அளவு மீறி ஏற்றினால் சிறுநீரகமும் காதும் கெடும்.

அதனால்தான் மருந்தைக் குழியிலேயே வைக்கிறார்கள். அந்த இடத்தில் செறிவு மிக அதிகம், ரத்தத்தில் மிகக் குறைவு. இதைச் சொன்னவுடன் "அப்படியானால் டிரிப்ஸ் வேண்டாமா?" என்று கேட்பார்கள். பெரும்பாலும் அதுவும் வேண்டும். நாலு முதல் ஆறு வாரம் ஆன்டிபயாடிக் என்பது இந்த நோய்க்கு வழக்கமான கணக்கு. இரண்டுக்கும் முன்னால் வருவது சுரண்டுதல். செத்த எலும்பை விட்டுவைத்து அதன்மேல் எவ்வளவு உசத்தியான குருணையைக் கொட்டினாலும் சீழ் திரும்பி வரும். அத்தானுடைய முதல் அறுவைக்குப் பிறகு, காலில் ஓட்டை விழுந்து சீழ் ஒழுகியபோதும் மூன்று மாதம் மாத்திரையை மட்டும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

"என் தம்பிக்குச் சிமெண்டு மணி கோத்து வைத்தார்கள். அதுவும் இதுவும் ஒன்றா?"

வேலை ஒன்று, பொருள் வேறு. அது அக்ரிலிக் பிளாஸ்டிக். செயற்கை மூட்டைப் பொருத்தும் எலும்புச் சிமெண்டில் ஜென்டாமைசினைக் கலக்கும் வழக்கம் 1970இல் ஜெர்மனியில் தொடங்கியது. அதையே மணியாக உருட்டிக் கம்பியில் கோத்துச் சீழ்க்குழியில் வைப்பதும் அந்தப் பத்தாண்டில்தான் வந்தது. மலிவு, கைக்கு அடக்கம், இன்றும் பயன்படுகிறது. குறை என்னவென்றால் அது கரையாது, மறுபடி அறுத்து வெளியே எடுக்க வேண்டும். ஏற்றிய மருந்தில் பெரும்பகுதி மணிக்குள்ளேயே சிறைப்பட்டுப்போகும். இறுகும்போது நன்றாகச் சூடேறுவதால் சூடு தாங்காத மருந்தைக் கலக்கவும் முடியாது.

ஜிப்சம், அதாவது மாவுக்கட்டுப் பொடி, இவற்றுக்கெல்லாம் மூத்தது. 1892இலேயே டிரீஸ்மன் என்ற ஜெர்மானிய மருத்துவர் எலும்புக் குழியை அதனால் அடைத்திருக்கிறார். இன்றும் சர்க்கரை நோயாளிகளின் பாதப் புண்ணில் மருந்து கலந்த ஜிப்சம் மணி வைக்கிறார்கள். சில வாரங்களில் கரைந்துவிடும்; எலும்பு வளர்வதற்குள் குழி காலியாகிவிடுவதுதான் வருத்தம். கால்சியம் பாஸ்பேட் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

"கல் மாதிரி இருக்கிறதே, அதற்குள் மருந்து எப்படிப் போகும்?"

மானாமதுரைப் பானையில் தண்ணீர் ஏன் குளிர்கிறது? சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன, தண்ணீர் கசிந்து வெளியே வந்து ஆவியாகிறது. அதே துளைகள்தான் இங்கேயும். குருணையில் இரண்டு அளவில் துளை வைப்பார்கள். தலைமுடியைவிடத் தடிமனான, 100 மைக்ரானுக்கு மேற்பட்ட பெருந்துளை எலும்புச் செல்களும் ரத்தக்குழாயும் நுழைவதற்கு. 10 மைக்ரானுக்குக் கீழே இருக்கும் நுண்துளை மருந்துக்கு.

சும்மா மருந்துக் கரைசலில் ஊறப்போட்டால் உள்ளே இருக்கும் காற்று வழிவிடாது. அதனால் ஒரு கண்ணாடிக் குடுவையில் குருணையையும் கரைசலையும் வைத்துக் காற்றை உறிஞ்சுவோம். சில நொடியில் ஒவ்வொரு குருணையிலிருந்தும் ஊசிமுனைக் குமிழிகள் வரிசையாகக் கிளம்பும், சோடா பாட்டில் திறந்ததுபோல. குமிழி நின்றதும் காற்றை மெல்ல உள்ளே விட்டால் கரைசல் துளைகளுக்குள் இழுபட்டுப் போகும். பிறகு உலர்த்த வேண்டும். நன்றாக நுண்துளை அமைந்த உலர்ந்த துண்டை நாக்கில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். மருந்து ஏற்றாத துண்டில் மட்டும் இதைச் செய்து பாருங்கள். எங்கள் ஆய்வுக்கூடத்தில் கருவியில் அளப்பதற்கு முன்பே இந்த நாக்குப் பரிசோதனை ரகசியமாக நடந்துவிடும்.

"மருந்தையும் பொடியோடு கலந்து ஒன்றாகச் சுட்டுவிட்டால் இவ்வளவு பாடு எதற்கு?"

வருடத்துக்கு ஒரு மாணவராவது கேட்டுவிடுவார். ஹைட்ராக்சிஅபடைட்டைச் சுடும் சூடு 1,100 முதல் 1,300 டிகிரி செல்சியஸ். நம் ஊரில் காளவாசல் என்று ஒரு பகுதிக்கே சூளையின் பெயர் இருக்கிறது. சூளைக்குள் மாத்திரையைப் போட்டால் என்ன மிஞ்சும்? மருந்து கரிமப் பொருள், சில நூறு டிகிரியிலேயே கருகிவிடும். ஆகவே முதலில் சுட வேண்டும், பிறகு ஏற்ற வேண்டும். சூட்டைக் கூட்டினால் உறுதி கூடும், நுண்துளை அடைபடும், மருந்து பிடிக்கும் இடம் குறையும். அதிகம் வெந்த பானையில் தண்ணீர் குளிராதது போலத்தான். உறுதியா, இடமா என்ற இந்த இழுபறியில்தான் என் ஐந்து வருடத்தில் மூன்று போனது.

சுடாமலே இறுகும் வழியும் இருக்கிறது. பிரவுன், சௌ என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1980களில் கண்டுபிடித்த கால்சியம் பாஸ்பேட் சிமெண்டில் பொடியையும் நீர்மத்தையும் குழைத்தால் பசையாகி, உடம்புச் சூட்டிலேயே அபடைட்டாக இறுகிவிடும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1996இல் அனுமதித்தது. இதில் மருந்தைக் குழைக்கும்போதே கலக்கலாம். ஆனால் சில மருந்து இறுகுவதைக் கெடுக்கும். ஏன் என்பது 'எல்லா மருந்தும் ஒரே மாதிரிப் பிடிக்குமா' என்ற கேள்வியில் வருகிறது.

"கட்டுப்படுத்தப்பட்ட வெளியீடு என்று எழுதியிருக்கிறது. உள்ளே உட்கார்ந்து யார் கட்டுப்படுத்துகிறார்கள்?"

யாரும் இல்லை. இந்தச் சொல் எனக்கும் உறுத்தும். வைகை அணையில் மதகைத் தூக்கி இறக்குவதுபோல இங்கே ஒரு கதவும் கிடையாது. கரை கசிகிற கண்மாயை நினைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு கசியும் என்பது கரை போட்ட அன்றே முடிவாகிவிட்டது. போட்ட பிறகு கை வைக்க முடியாது. 'மெதுவாக்கப்பட்ட வெளியீடு' என்பதே நேர்மையான பெயர் என்பது என் கருத்து.

மருந்து வெளியேற மூன்று வழி. மேற்பரப்பில் லேசாக ஒட்டியிருப்பது உடனே கழுவப்பட்டுப் போகும். துளைக்குள் இருப்பது வளைந்து வளைந்து ஊறி வெளியே வரும். துளை சிறிதாகவும் கோணலாகவும் இருந்தால் தாமதமாகும். பொருளுக்குள்ளேயே புதைந்திருப்பது பொருள் கரைந்தால்தான் வரும். முதல் வழியால்தான் எல்லா ஆய்வுக் கட்டுரையிலும், வெளிவந்த மருந்தின் அளவைக் காட்டும் கோடு முதல் நாள் செங்குத்தாக ஏறுகிறது. சுட்ட குருணையில் வெறுமனே ஊறவைத்த மருந்து சில நாட்களிலேயே பெரும்பாலும் தீர்ந்துவிடும். வாரக் கணக்கில் இழுக்க வேண்டுமென்றால் மேலே ஒரு மக்கும் பாலிமர் உறை பூசுவார்கள், அல்லது கைட்டோசான், ஜெலாட்டின் போன்ற கூழோடு சேர்ப்பார்கள். ஜிகர்தண்டாவில் போடும் பாதாம் பிசின் ஊறி வீங்குகிறதே, அப்படிப்பட்ட கூழ்.

"முதல் நாளே கொட்டிவிடுவது கெடுதல்தானே?"

அப்படிச் சொல்லிவிட முடியாது. வலிநிவாரணியாக இருந்தாலோ, எலும்பை வளரத் தூண்டும் வளர்ச்சிப் புரதமாக இருந்தாலோ கெடுதல். கிருமிக்கு முதல் அடி பலமாக விழுவது நல்லது. சுரண்டிய பிறகு மிஞ்சியிருப்பவை புதுப் படலம் கட்டுவதற்குள் தாக்க வேண்டும். ஆபத்து அந்தக் கோட்டின் வாலில் இருக்கிறது. கிருமியைக் கொல்லாத, ஆனால் பழக்கிவிடக்கூடிய சிறு அளவில் மருந்து மாதக் கணக்கில் கசிந்தால் எதிர்ப்பாற்றல் உள்ள கிருமி வளர வாய்ப்பு உண்டு. நீண்ட நாள் கசிவதே சாதனை என்று எழுதப்படும் கட்டுரைகளைப் படிக்கும்போது, எந்த அளவில் கசிகிறது என்று அடுத்த பக்கத்தையும் பாருங்கள்.

"எல்லா மருந்தும் ஒரே மாதிரிப் பிடிக்குமா?"

பிடிக்காது. டெட்ராசைக்ளினைப் பாலோடு சாப்பிடக்கூடாது என்று மருந்துக்கடைக்காரர் சொல்வார், சிறு பிள்ளைகளுக்குக் கொடுத்தால் பல் பழுப்பாகும். இரண்டுக்கும் காரணம் ஒன்றே: அது கால்சியத்தைக் கண்டால் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அதனால் குருணையில் நன்றாக ஒட்டும், மெல்ல விடும். ஆனால் சிமெண்டில் கலந்தால் கால்சியத்தை மடக்கிப் பிடித்து இறுகுவதைத் தாமதப்படுத்தும். எலும்புத் தேய்மானத்துக்குத் தரும் சோலெட்ரோனேட் வகை இன்னும் கெட்டி. எலும்புத் தாதுவை நாடிப் போவதே அதன் வேலை. ஜென்டாமைசினின் பிடி லேசு. வான்கோமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கின் மூலக்கூறு அதைப்போல மூன்று மடங்கு கனம், குறுகிய துளைகளில் மெதுவாக நகரும்.

வளர்ச்சிப் புரதங்களும் உண்டு. ஈறு எலும்புக் குழிகளுக்காக, பீட்டா டிரைகால்சியம் பாஸ்பேட்டில் ஒரு வளர்ச்சிக் காரணியை நனைத்துப் பயன்படுத்தும் பொருளுக்கு 2005இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

"மாட்டெலும்பிலிருந்து எடுப்பதாமே? எங்கள் வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்."

மாட்டெலும்பைச் சுட்டு எடுப்பதும் உண்டு, முழுக்கச் செயற்கையானதும் உண்டு. எது என்று முன்கூட்டியே கேட்பது உங்கள் உரிமை. பெரும்பாலும் பெட்டியின் மேலேயே எழுதியிருக்கும். நான் செய்தது செயற்கை: கால்சியம் நைட்ரேட் கரைசலில் அம்மோனியம் பாஸ்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, அம்மோனியாவால் பிஎச் என்ற அமில கார அளவை 10க்குப் பக்கத்தில் வைத்தால் தயிர்போல வெள்ளையாகத் திரளும். மூக்கைப் பிடுங்கும் நெடி மட்டும்தான் அதில் அசைவம். முட்டை ஓட்டிலிருந்தும் மீன் செதிலிலிருந்தும் மாணவர்கள் செய்கிறார்கள். பவளத்திலிருந்து செய்வதும் உலகில் உண்டு என்றதும் ஒரு மாணவர் மன்னார் வளைகுடாவைப் பார்த்தார். பாறைப் பவளம் வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டது, தொடக்கூடாது.

"அவ்வளவு கால்சியம் கரைந்தால் சிறுநீரகத்தில் கல் விழாதா?"

கணக்குப் போடுவோம். பீட்டா டிரைகால்சியம் பாஸ்பேட்டின் எடையில் கால்சியம் சுமார் 39 சதவீதம். 10 கிராம் வைத்தால் கால்சியம் 3.9 கிராம். ஒரு வருடத்தில் முழுதும் கரைகிறது என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு ஏறத்தாழ 11 மில்லிகிராம். ஒரு டம்ளர் பசும்பாலில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு உள்ளவர் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும், அது எதற்குமே பொருந்தும்.

"எக்ஸ்ரேயில் வெள்ளை வெள்ளையாகத் தெரிகிறதே, எடுக்க மறந்துவிட்டார்களா?"

எடுப்பதற்கு வைக்கவில்லை. அத்தான் ஆறு மாதம் ஒவ்வொரு எக்ஸ்ரேயையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எண்ணிக்கொண்டிருந்தார். முதலில் தனித்தனிப் புள்ளியாகத் தெரிந்தவை மெல்ல ஓரம் மங்கி, சுற்றியிருக்கும் எலும்போடு கலந்தன. உங்களுக்கு வைத்தது ஹைட்ராக்சிஅபடைட்டானால் பல வருடம் கழித்தும் தெரியும். காரணம் மூன்றாவது கேள்வியிலேயே இருக்கிறது.

"இதை வைத்த பிறகு ஊன்றி நடக்கலாமா?"

கூடாது. குருணை நொறுங்கும் பொருள். பாரத்தைத் தாங்குவது பிளேட்டோ, கம்பியோ, வெளியே மாட்டும் சட்டமோதான். மருத்துவர் சொல்லும்வரை பொறுக்க வேண்டும்.

"முதலிலேயே புத்தூர்க் கட்டு போட்டிருந்தால் இதெல்லாம் வந்திருக்காதே?"

தோல் கிழியாத எளிய முறிவில் கட்டுப் போட்டுக் குணமானவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். எலும்பு வெளியே எட்டிப் பார்த்துவிட்டால் கதை வேறு. ரோட்டு மண்ணும் கிருமியும் உள்ளே போன பிறகு கழுவாமல் கட்டினால் கிருமிக்குக் கதவைச் சாத்திக் காவல் வைத்ததாகும்.

"புற்றுநோய்க்கும் எலும்புக் காசநோய்க்கும் இதே வழி உதவுமா?"

ஆராய்ச்சி நிறைய நடக்கிறது. பிடி கிடைப்பது அமிலத்தில். அபடைட் ரத்தத்தின் பிஎச் 7.4இல் ஏறக்குறையக் கரையாது, 5.5க்குக் கீழே போனால் கரையத் தொடங்கும். பல் சொத்தையாவது இதனால்தான். புற்றுக்கட்டியைச் சுற்றிச் சற்று அமிலம். செல் விழுங்கிய நுண்துகள் போய்ச் சேரும் பைகளுக்குள் இன்னும் அமிலம். ஆகவே நுண்துகளில் ஏற்றிய மருந்து வழியில் வராமல் அங்கே போய் அவிழும் என்பது திட்டம். மேலே நான் 'கதவு கிடையாது' என்று சொன்னதற்கு இது ஒரு விதிவிலக்கு.

காசநோயில், அதற்கான மருந்தான ரிஃபாம்பிசின் ஏற்றிய குருணைகளைப் பரிசோதித்திருக்கிறார்கள். ஆனால் முதுகெலும்புக் காசநோயோடு தோப்பூர் மருத்துவமனைக்குப் போகும் ஒருவருக்கு இன்றைக்கு மருந்து மாதக் கணக்கில் விழுங்கும் மாத்திரைதான். அதைப் பாதியில் நிறுத்திவிட்டுக் குருணைக்குக் காத்திருக்க வேண்டாம்.

"ஆய்வுக்கூடத்தில் வருகிற அந்த வளைகோடு உடம்பிலும் அப்படியே வருமா?"

வைவாவில் என்னைத் திணறடித்த கேள்வி. நாங்கள் செய்வது இவ்வளவுதான்: குருணையைச் சிறு குப்பியில் உப்புக் கரைசலில் போட்டு 37 டிகிரியில் வைப்போம். ஒரு மணி, ஆறு மணி, ஒரு நாள், மூன்று நாள் என்று கொஞ்சம் எடுத்து அளந்து, எடுத்த அளவுக்குப் புதுக் கரைசல் ஊற்றுவோம். ஊற்ற மறந்த வாரக்கடைசியில் கோடு படுத்துவிடும். வெளியே செறிவு ஏறினால் உள்ளிருப்பது நகராது. ஊற்றுகிற அளவை மாற்றினாலே அதே குருணை வேறு கோடு போடும்.

உடம்பில் குருணையைச் சுற்றி ஒரு குப்பி நீர் இல்லை. உறைந்த ரத்தம், கொஞ்சம் நிணநீர், சுரண்டிய எலும்பு. எனவே பொதுவாக மெதுவாகவே வெளியேறும். மறுபக்கம், காயத்தில் ரத்தம் வடியக் குழாய் வைத்திருந்தால் முதல் இரண்டு நாளில் வரும் மருந்தில் ஒரு பங்கு அந்தக் குழாய் வழியாகவே வெளியே போய்விடும். அத்தானின் கட்டிலுக்கு அடியில் தொங்கிய அந்தப் பாட்டிலை, நர்ஸ் அளவு குறித்துவிட்டுக் கொட்டப்போகும்போதெல்லாம், ஐந்து மில்லி எனக்குத் தரமாட்டார்களா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கேட்கத்தான் துணிவு வரவில்லை.